முதியோர் ஆய்வு: "யாருடன் வசிக்கிறார்?" என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். கடலூர், புதுச்சேரி பக்கத்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

கெடிலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிற வீடுகளைப் பற்றி எம்.ஏ. ஆய்வேடு செய்கிறேன். மொத்தம் 80 வீடு. பாதி கூட முடியவில்லை, படிவத்தின் ஐந்தாவது கேள்வியில் சிக்கிக்கொண்டேன்.

கேள்வி இதுதான்: யாருடன் வசிக்கிறார்? தனியாக, கணவன் அல்லது மனைவியுடன், மகனுடன், மகளுடன், மற்றவருடன். ஐந்தில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

நேற்று ஒரு ஆயா வீட்டுக்குப் போனேன். தெருவைப் பார்த்த ஓட்டு வீட்டில் சின்ன மகன் குடும்பம். அதை ஒட்டியே ஒற்றை அறை. தானே புயலில் கூரை போனதும் சிமெண்ட் ஷீட் போட்டது. அதில்தான் ஆயா. இரண்டுக்கும் நடுவில் கதவு உண்டு, ஆனால் ஆயா பக்கம் அதன்மேல் அரிசி மூட்டை சாய்த்து வைத்திருந்தது. காலை டீயை அவரே ஸ்டவ்வில் போட்டுக்கொள்கிறார். மதியச் சாப்பாடு ஒரு மாதம் மூத்தவர் வீட்டிலிருந்து, ஒரு மாதம் சின்னவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும். அதில் மீந்ததுதான் ராத்திரிக்கு.

"யாரோட இருக்கீங்க ஆயா?" என்று கேட்டேன். "எல்லாரோடயும்தான் கண்ணு" என்றார். பக்கத்தில் நின்ற பேத்தி, "அது தனியாத்தான் இருக்குது அக்கா" என்றாள். மருமகள் வெளியே வந்து, "நாங்கதான் வெச்சிப் பாத்துக்கிறோம், எழுதிக்கோங்க" என்றார்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. நான் எதை டிக் செய்வது?

ஓய்வுபெற்ற கணக்காளர்

நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறாய் அம்மா. மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவன் நான். இந்த அரிசி மூட்டைக் கதவை மூன்றிலும் பார்த்திருக்கிறேன்.

கணக்கெடுப்பின் இலக்கணம் இது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். சொந்தம் பந்தம் கணக்கில்லை, அடுப்புதான் கணக்கு. அடுப்பு தனி என்றால், ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் இரண்டு குடும்பம். அந்தப்படி பார்த்தால் உன் ஆயா டீ போடுகிற நேரத்தில் தனிக் குடும்பம், மதியம் தூக்குவாளி வந்ததும் மகன் குடும்பம், அடுத்த மாதம் வேறொரு மகன் குடும்பம். நாங்கள் எழுதும்போது பெரும்பாலும் வாசலில் நின்று பதில் சொன்னவர் சொன்னதைத்தான் எழுதினோம். சொன்னவர் பெரும்பாலும் மருமகளோ மகனோ. முதியவரைக் கேட்டது குறைவு. இன்று நினைத்தால் எனக்கு அது உறுத்துகிறது.

இன்னொன்று. நீ அரசு ஆள் என்று ஊரில் நினைத்தால் பதில் மாறும். ஓஏபி, அதாவது அரசு தருகிற முதியோர் பென்ஷன் வாங்குகிறவர் "மகனோட இருக்கேன்" என்று சொல்லத் தயங்குவார். ஆதரவற்றோர் என்ற பெயரில் வருகிற பணம், நின்றுவிடுமோ என்ற பயம். முதல் ஐந்து நிமிடம் நீ யார், எதற்கு வந்தாய், இதனால் எதுவும் வராது, எதுவும் நிற்காது என்று சொல்லிவிட்டு நோட்டைத் திற.

வயதை எப்படி எழுதுகிறாய்?

கெடிலக்கரை

ஆதார் அட்டையைப் பார்த்து எழுதுகிறேன் ஐயா.

ஓய்வுபெற்ற கணக்காளர்

அங்கேயும் பள்ளம் இருக்கிறது. உன்னிடம் உள்ள வயதுகளை வரிசையாகப் போட்டுப் பார். 60, 65, 70, 75 எல்லாம் குவிந்திருக்கும், 61, 67, 73 எல்லாம் இளைத்திருக்கும். பிறந்த தேதி பதியாத தலைமுறை, யாரோ ஒருவர் தோராயமாகச் சொன்னது அட்டையில் ஏறியிருக்கும். இந்தக் குவியலை அளக்கவே விப்பிள், மையர்ஸ் என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என்று மூன்று வயதோடு இருக்கிறவர்களை உன் கிராமத்திலேயே பார்ப்பாய். முதியோர் பென்ஷன் வயதை மத்திய அரசு 2011இல் 65லிருந்து 60ஆகக் குறைத்தது. அதற்கு முன்னால் மனு போட்டவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொல்லக் காரணம் இருந்தது.

வழி இருக்கிறது. நடந்ததை வைத்துக் கேட்க வேண்டும். "பெரிய பிள்ளை பொறந்தப்போ யார் ஆட்சி? அண்ணா இருந்தாரா?" என்று கேள். "கல்யாணம் ஆனப்போ பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரன் இருந்தானா?" என்று கேள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி கைமாறியது. 1967இல் அண்ணா முதல்வர், 1969 பிப்ரவரியில் மறைந்தார். 1977இல் எம்.ஜி.ஆர். வந்தார். இந்த நான்கு முளைக்குச்சி போதும், நம் பக்கத்தில் யார் வயதையும் இரண்டு மூன்று வருடத்துக்குள் பிடித்துவிடலாம்.

கெடிலக்கரை

ஐயா, இன்று மறுபடி அதே ஆயாவிடம் போனேன். ஆதாரில் 82. "அண்ணா செத்த வருசம்தான் பெரியவன் வயித்துல இருந்தான்" என்றார். "கல்யாணமாகி ரெண்டாம் வருசம் அவன். எனக்கு அப்போ பதினேழு பதினெட்டு இருக்கும்." அப்படியானால் பிறந்தது 1951 வாக்கில். வயது 75 பக்கம்தான் வரும்! ஏழு வருட வித்தியாசம்.

செம்மண்டலம்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று புரியவில்லை. ஆயா கஷ்டப்படுகிறார், மகன்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதானே. எங்கள் தெருவில் பத்து வீட்டில் ஏழு வீடு கிழவன் கிழவி மட்டும்தான். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர். ஊர் இப்படிக் கிழடாய்ப் போனதற்குக் காரணம் இவர்கள் ஊரைவிட்டுப் போனதுதான். கூட்டுக் குடும்பம் போச்சு, எல்லாம் போச்சு.

ஓய்வுபெற்ற கணக்காளர்

தம்பி, உங்கள் தெருவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சரியில்லை.

ஒரு மாநிலமே முதுமையடைவதற்கு முதல் காரணம், பிறப்பு குறைவது. ஆயுள் கூடுவது இரண்டாவது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. மக்கள்தொகை தன்னைத் தானே நிரப்பிக்கொள்ள 2.1 வேண்டும். அடியில் குழந்தைகள் குறையும்போது மேலே இருக்கிற பெரியவர்களின் பங்கு தானாக ஏறும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் நூற்றுக்கு 10.4. மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்தபடி 2021இல் 13.6, 2031இல் 18.2. கேரளம் ஒன்றுதான் நம்மைவிட முன்னால். அந்த ஆண்டு அங்கே 20.9 என்று கணிப்பு.

இது ஜோசியம் இல்லை. 2031இல் அறுபது வயதைத் தொடப்போகிற ஒவ்வொருவரும் 1971க்குள் பிறந்துவிட்டார்கள். இன்று நம்மோடு பஸ்ஸில் வருகிறார்கள். 2024இல் கூடுதலாகப் பிள்ளை பெறச் சொல்லி ஆந்திராவிலும் இங்கேயும் பேச்சு எழுந்ததே, இன்று பிறக்கிற குழந்தை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க 20 வருடத்துக்கு மேல் ஆகும். 2031க்கு அது உதவாது.

பிள்ளைகள் வெளியூர் போவது எண்ணிக்கையை மாற்றுவதைவிட, முதியவர்கள் எங்கே, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைத்தான் மாற்றுகிறது. அதனால்தான் இந்தப் பெண்ணின் ஐந்தாவது கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முத்தியால்பேட்டை

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். பிரான்ஸ் நாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் அந்த நாடும் நம் நாடும் எதிரெதிர் வீட்டில் இருக்கின்றன.

பிரான்ஸில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 7 என்பதிலிருந்து 14 ஆக 115 வருடம் ஆனது, 1865லிருந்து 1980 வரை. அந்த நூறு வருடத்தில் அவர்கள் பென்ஷன் சட்டம் போட்டார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், பணமும் சேர்த்தார்கள். ஜப்பானுக்கு அதே தூரம் சுமார் 25 வருடம். நாமும் ஏறக்குறைய ஜப்பான் வேகத்தில் போகிறோம், ஆனால் ஜப்பான் அளவு பணம் சேர்க்கவில்லை.

எங்கள் பாட்டி, சொல்தா (பிரெஞ்சு சிப்பாய்) வீட்டுக்காரம்மா. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவில் இருந்தவர். புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962இல் அமலுக்கு வந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு பாட்டிக்கு அவருடைய பென்ஷனில் ஒரு பங்கு வருகிறது. பாட்டி உயிரோடு இருக்கிறார் என்று சான்று காட்டினால் போதும். அந்த நாள் வந்தால் பாட்டி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருப்பார். வீட்டில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு, மருத்துவச் செலவுக்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

எதிர்வீட்டுத் தாத்தா மில்லில் தறி ஓட்டியவர். அவருக்கு பி.எஃப். வழியாக வருகிற இபிஎஸ் பென்ஷன். அதில் குறைந்தபட்சம் 2014லிருந்து மாதம் 1,000 ரூபாய், இவருக்குக் கைக்கு வருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாட்டியைவிட ஐந்து வயது சின்னவர், காலையில் இன்னும் ஒரு கடைக்கு வாட்ச்மேனாகப் போகிறார். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

எனவே கெடிலக்கரை, உங்கள் படிவத்தில் "வருமானம் எவ்வளவு" என்பதோடு "அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது" என்றும் கேளுங்கள். எதிர்வீட்டுத் தாத்தாவின் ஏடிஎம் கார்டு அவர் மருமகனிடம் இருக்கிறது.

கெடிலக்கரை

நன்றி அண்ணா. கிராமத்தில் ஓஏபி 1,200 ரூபாய். பணம் வந்த அன்றே பேரனுக்கு 200 ரூபாய் கொடுத்தேன் என்று சந்தோஷமாகச் சொன்ன தாத்தாவும் இருக்கிறார், பணத்தைக் கண்ணிலேயே பார்க்காத ஆயாவும் இருக்கிறார். இந்தக் கேள்வியைச் சேர்த்துவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்காளர்

1962இல் தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 1,200 ஆனது 2023இல். மத்திய அரசு இதற்குத் தருகிற பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு இன்றும் 200 ரூபாய்தான். 2007 முதல் அதே 200. அப்போது ஒரு கிலோ துவரம்பருப்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். மிச்சத்தை மாநிலம்தான் போடுகிறது.

பண்ருட்டி சுகாதாரப் பணி

நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவள். சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. முன்னெல்லாம் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்கள், அதனாலேயே பாதிப்பேர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இப்போது அது குறைந்திருக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

தங்கச்சி, நீ நோய் என்ன என்று கேட்பாய். அதைவிட, என்ன செய்ய முடிகிறது என்று கேள். தானாகக் குளிக்க முடிகிறதா, துணி உடுத்த முடிகிறதா, கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா, படுக்கையிலிருந்து எழ முடிகிறதா, கையால் எடுத்துச் சாப்பிட முடிகிறதா, அறைக்குள் நடக்க முடிகிறதா. இந்த ஆறுதான் ஒரு வீட்டின் நிலைமையைத் தீர்மானிக்கிறது. சுகர் 300 இருந்தும் தோட்டத்துக்குப் போய் முந்திரிக்கொட்டை பொறுக்குகிற தாத்தா இருக்கிறார். எந்த நோயும் இல்லாமல் இடுப்பெலும்பு முறிந்து படுத்த அம்மாவும் இருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு 84 வயது. பார்த்துக்கொள்வது மருமகள், அவருக்கே 61. மூட்டுவலி. மாமியாரை ஒருபக்கமாகத் திருப்ப வேண்டும் என்றால் கட்டிலில் முழங்காலை ஊன்றி, போர்வையைப் பிடித்து இழுப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். சுவரில் கரியால் கோடு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார், ராத்திரிக்கும் சேர்த்து. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் கணக்கில் அந்த வீட்டில் முதியவர் இரண்டு பேர், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று வந்துவிடும். ஆனால் மருமகளை யார் பார்ப்பது?

ஓய்வுபெற்ற கணக்காளர்

இந்த அம்மா சொன்ன ஆறையும் அப்படியே கேட்கிற ஒரு தேசிய ஆய்வு உண்டு. மும்பையில் உள்ள மக்கள்தொகை நிறுவனம் முன்நின்று 2017-18இல் நடத்தியது, லாசி என்பார்கள். 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய கணவன் மனைவி என்று 72,000 பேருக்கு மேல். ஒரு கருவியைக் கையில் கொடுத்து எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடிகிறது என்று அளந்தார்கள், பத்துச் சொல்லைச் சொல்லி எத்தனை நினைவில் நிற்கிறது என்றும் பார்த்தார்கள். உன் கேள்விகளை அதே மாதிரி வைத்தால் உன் கிராமத்தை அதோடு ஒப்பிடலாம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆதார நாள் 2027 மார்ச் 1. 2021இல் நடந்திருக்க வேண்டியது. இடையில் நாம் எல்லாரும் 2011 எண்ணையும் கணிப்பையும் வைத்துத்தான் ஓட்டுகிறோம். அதனால் சின்ன ஆய்வுக்கும் மதிப்பு இருக்கிறது, தயங்காதே.

செம்மண்டலம்

அக்கா எழுதிய சுவர்க் கணக்கைப் படித்தேன். முன்னால் நான் எழுதியதில் மகன்களை மட்டும் குற்றம் சொன்னது சரியில்லை என்று தோன்றுகிறது. மருமகளை நான் நினைக்கவே இல்லை.

ஆனால் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வழி? எங்கள் உறவில் ஒருவர் வீட்டைத் தான செட்டில்மெண்டாக மகன் பெயருக்கு எழுதிவிட்டு, இப்போது தங்கை வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறார்.

முத்தியால்பேட்டை

2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். அதன் 23ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லலாம். பத்திரத்தில் அந்த வரி இருந்தால் வேலை எளிது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியவர் பக்கம் நின்று தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. 14567 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். முதலில் பத்திரத்தின் நகலை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வளைகுடாவிலிருந்து

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் சொல்கிற வெளியே போன பிள்ளைகளில் நானும் ஒருவன்.

அம்மாவுக்கு 78. கடலூரில் தனி வீடு. பணம் மாதா மாதம் தவறாமல் போகிறது, கேமரா வைத்திருக்கிறேன், சமையலுக்கு ஆள் இருக்கிறது. எந்தப் படிவத்திலும் அம்மா நன்றாக இருக்கிறார் என்றுதான் வரும்.

2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு தென்பெண்ணையில் தண்ணீர் வந்ததே, அந்த ராத்திரி கரண்ட் இல்லை, கேமரா இல்லை, அம்மா போன் எடுக்கவில்லை. இங்கே நான் ஷிப்டில் நின்றுகொண்டு ஐம்பது முறையாவது கூப்பிட்டிருப்பேன். சமையல் அம்மா மாலையே போய்விட்டார். விடிகாலையில் பின்தெருப் பையன்கள் இரண்டு பேர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார்கள். அந்தப் பையன்களின் பெயர்கூட எனக்கு அன்றுவரை தெரியாது. அம்மா ராத்திரி முழுக்கக் கட்டில்மேல் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அதனால் தங்கை, முடிந்தால் இப்படி ஒரு கேள்வி வையுங்கள்: ராத்திரி கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

பண்ருட்டி சுகாதாரப் பணி

தம்பி, மனசைத் தேற்றிக்கொள். அந்தப் பையன்களுடைய நம்பரை அம்மா கட்டில் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல். போனில் மட்டும் இருந்தால் அவசரத்தில் தேட முடியாது. ஊரில் இருக்கிற சுகாதாரச் செவிலியரிடமும் உன் நம்பரைக் கொடுத்து வை.

வளைகுடாவிலிருந்து

செய்துவிட்டேன் அக்கா. அவர்களுக்கு வீட்டுச் சாவி ஒன்றும் கொடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்காளர்

கெடிலக்கரை, ஐந்தாவது கேள்வியை அடித்துவிடு. அதன் இடத்தில் மூன்று வை. நேற்று மதியம் சாப்பிட்டது எந்த அடுப்பில் வெந்தது? பணம் யார் கையில்? ராத்திரி கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும், அவருக்கு வயது என்ன? இந்தக் கடைசி வாலை மறக்காதே, பண்ருட்டி அம்மா சொன்ன 61 வயது மருமகள் அதில்தான் வருவார். மூன்றையும் முதியவரிடமே கேள், தனியாக. மருமகள் பக்கத்தில் இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கேள், அவர் உள்ளே போகிற நேரத்தில் கேட்டுவிடு. மருமகளிடமும் தனியாகப் பேசு. முடித்த வீடுகளுக்கும் திரும்பப் போக வேண்டிவரும், அலுத்துக்கொள்ளாதே.

கெடிலக்கரை

போய்வந்தேன் ஐயா. முடித்திருந்த வீடுகளில் பதினொன்றை மறுபடி பார்த்தாயிற்று. முன்னால் "மகனுடன்" என்று டிக் செய்திருந்த வீடுகளில் மூன்றில், ராத்திரி கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது என்றார்கள். "தனியாக" என்று எழுதிய ஒரு தாத்தாவுக்கு மட்டும் நான்கு வீடு தள்ளி உள்ள டீக்கடைக்காரர் தினமும் ராத்திரி கடை சாத்தும்போது கதவைத் தட்டிக் குரல் கேட்டுவிட்டுத்தான் போகிறாராம்.

அரிசி மூட்டை ஆயாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இவளுக்குக் கேக்கும்" என்று பேத்தியைக் காட்டினார். ஒன்பதாவது படிக்கிற பெண். ராத்திரி படித்து முடித்துவிட்டு அந்தப் பக்கமிருந்து கதவை இரண்டு தட்டு தட்டுவாளாம், ஆயா இந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு தட்டுவாராம். நான் கிளம்பும்போது அவளும் நானுமாக அந்த மூட்டையைச் சுவரோரம் நகர்த்திவைத்தோம். மருமகள் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தில் எழுதிவிட்டேன்: பேத்தி, வயது 14. அடுத்த திங்கள் மீதி வீடுகள்.